இரும்பு வெட்டும் ரம்பத்தில் புதியவர்களைப் பழக்குதல்: கையுறை, குறுந்துண்டு, கட்டிங் வீல் குறித்த ஐயங்கள்

எழுதியவர்: பட்டறை மேற்பார்வை

அனைவருக்கும் வணக்கம். சிறிய ஃபேப்ரிகேஷன் பட்டறை ஒன்றின் மேற்பார்வைப் பொறுப்பு அண்மையில் என்னிடம் வந்திருக்கிறது. வெட்டும் வேலைக்கு எங்களிடம் இரண்டு இயந்திரங்கள் உள்ளன. ஒன்று 14 அங்குல வீல் (பல்லில்லாத உராய்வு வட்டு) மாட்டும் கட்டிங் மெஷின். மற்றொன்று படுக்கைவசத்தில் இறங்கி வெட்டும் பேண்ட்சா, அதாவது பற்களுள்ள நாடா பிளேடு சுழலும் ரம்பம். இதுவரை வெல்டிங் பக்கத்தில் இருந்த இரண்டு இளைஞர்களை இனி வெட்டும் வேலைக்கும் பழக்க வேண்டும். சுவிட்சை எப்படிப் போடுவது என்று காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. ஆகவே, தொடங்குவதற்கு முன் அனுபவமுள்ளவர்களிடம் சில ஐயங்களைத் தீர்த்துக்கொள்ள விரும்புகிறேன்.

முதலாவது கையுறை. எங்கள் மூத்த பணியாளர்களில் ஒருவர், கையுறை போடாமல் யாரும் இயந்திரத்தின் அருகே வரக்கூடாது என்கிறார். இன்னொருவர், சுழலும் இயந்திரத்தின் அருகே கையுறையோடு நிற்பதுதான் ஆபத்து என்கிறார். இருவருமே நெடுங்காலம் இந்த வேலையில் இருப்பவர்கள். இளைஞர்களுக்கு நான் எதைச் சொல்வது?

இரண்டாவது, 40 அல்லது 50 மி.மீ. நீளமுள்ள சிறு துண்டுகளை வெட்டும் முறை. இரும்பை இறுக்கிப் பிடிக்கும் வைஸின் ஒரு ஓரத்தில் மட்டும் துண்டு பிடிபடுவதால், அது வெட்டும்போது லேசாகத் திரும்புகிறது. சிலர் அதை இடது கையால் அழுத்திக்கொள்கிறார்கள். அது சரியில்லை என்று தெரிகிறது. ஆனால் மாற்று வழியைச் சொல்லாமல் கையை எடு என்று மட்டும் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை.

மூன்றாவது, கட்டிங் வீல் உடைவது பற்றியது. அலமாரியில் பழைய வீல்கள் நிறைய கிடக்கின்றன. எது பயன்படும், எதைக் கழித்துவிட வேண்டும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வீல் அடிக்கடி தேய்ந்துபோவதால் அதே மெஷினில் பல் வைத்த கார்பைடு பிளேடை மாட்டிவிடலாம் என்றும் ஒருவர் யோசனை சொல்கிறார். அது கூடுமா?

விரிவாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


எழுதியவர்: வைஸ் பிடி

வணக்கம் ஐயா. உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். ரம்பத்தில் நேரும் விபத்துகளைப் பிளேடின் கூர்மையோடு சேர்த்தே எல்லோரும் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அவற்றுள் பெரும்பாலானவை ஜாப் (வெட்டப்படும் இரும்பு) சரியாகப் பிடிபடாததில் தொடங்குபவை. வெட்டும் நேரத்தில் இரும்பு ஒரு மயிரிழை நகர்ந்தால் போதும். வெட்டுவாய் பிளேடைக் கவ்வும், அதன் பின் என்ன நடக்கும் என்பது இயக்குபவர் கையில் இல்லை.

குறுந்துண்டு ஏன் திரும்புகிறது என்பதை அந்த இளைஞர்களுக்கு வைஸில் வைத்தே காட்டுங்கள். வைஸின் நகரும் தாடையில் எப்போதும் கொஞ்சம் லூஸ் இருக்கும். துண்டு ஒரு முனையில் மட்டும் இருந்தால், இறுக்க இறுக்க அந்தத் தாடை மறுமுனையில் உள்ளே சாயும். அப்போது துண்டைத் தாடையின் முழு முகமும் பிடிக்காது; ஒரு விளிம்பு மட்டுமே தொட்டுக்கொண்டிருக்கும். கைப்பிடி இறுகிவிட்டதால் நன்றாகப் பிடித்திருக்கிறது என்ற எண்ணம் வரும். மெஷினை நிறுத்தி வைத்துவிட்டு, ஒரு சிறிய சுத்தியலால் அந்தத் துண்டின் முனையில் மெதுவாகத் தட்டச் சொல்லுங்கள். அது எவ்வளவு எளிதாகத் திரும்புகிறது என்று பார்த்தவர்கள் அதன் பிறகு அப்படிப் பிடிக்க மாட்டார்கள்.

இதற்கு மாற்று வழி எளியது. வெட்டும் துண்டின் அதே தடிமனுள்ள இன்னொரு துண்டைத் தாடையின் மறு ஓரத்தில் வைத்து இரண்டையும் சேர்த்து இறுக்க வேண்டும். அந்த ராடிலிருந்தே ஒரு துண்டை வெட்டி இதற்கென்று வைத்துக்கொண்டால் அளவு பிசகாது. வெவ்வேறு தடிமனில் வேலை வருமானால், ஒரு போல்ட்டும் நட்டும் கொண்டு நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் தாங்கு ஒன்றைச் செய்து மெஷினிலேயே கட்டித் தொங்கவிடுங்கள். கையெட்டும் தூரத்தில் இல்லாத தாங்கை யாரும் தேடிப்போய் எடுப்பதில்லை.

இதைவிட நல்லது, சிறு துண்டு வைஸுக்குள் பிடிபடாமல் வெளியே விழும் பக்கமாக வரும்படி நீண்ட ராடிலிருந்தே வெட்டுவது. நீண்ட பகுதி வைஸில் இருக்கட்டும், 40 மி.மீ. துண்டு மறுபுறம் அறுபட்டு விழட்டும். கடைசியில் மிஞ்சும் கட்டையை, இனி வைஸ் பிடிக்காது என்ற நிலை வந்ததும் மெஷினில் வைக்கவே வேண்டாம். பெஞ்ச் வைஸில் பிடித்துக் கை ரம்பத்தால் அறுக்கலாம், இல்லையென்றால் கழிவில் போடலாம். அந்தக் கட்டையின் மதிப்பு ஒரு விரலின் மதிப்புக்கு எந்த வகையிலும் ஈடாகாது.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. ஒரே நீளத்தில் பல துண்டுகள் வெட்டும்போது அளவுக்காக ஒரு ஸ்டாப்பர் வைப்போம். ராடை அதில் முட்டவைத்து, வைஸை இறுக்கியபின், வெட்டத் தொடங்கும் முன் அந்த ஸ்டாப்பரைப் பின்னுக்குத் தள்ளிவிட வேண்டும். தள்ளாமல் வெட்டினால், அறுபட்ட துண்டு விழ இடமில்லாமல் ஒருபுறம் ஸ்டாப்பர், மறுபுறம் சுழலும் வீல் என இரண்டுக்கும் நடுவில் சிக்கிக்கொள்ளும். சாய்ந்து சிக்கினால் வீல் அதை எறியும், அல்லது வீலே உடையும். பேண்ட்சாவில் பிளேடு முறுக்கிக்கொண்டு பற்களை இழக்கும்.

நீண்ட பைப்பைத் தாங்குவதிலும் இதே கவனம் வேண்டும். வெளியே நீளும் பகுதிக்கு வைக்கும் ரோலர் ஸ்டாண்டு, மெஷினின் படுகை மட்டத்தைவிட உயரமாக இருந்துவிட்டால், வெட்டு ஆழமாக ஆழமாக இரு பக்கமும் உள்நோக்கிச் சரிந்து, வெட்டுவாயின் மேல்பகுதி மூடிக்கொள்ளும். ஸ்டாண்டைப் படுகைக்குச் சமமாக வையுங்கள். கண்ணால் மதிப்பிடாமல் நேர்க்கோலை வைத்துப் பாருங்கள். சதுர பைப்பும் சேனலும் எல்லாம் சரியாக வைத்தபிறகும் சில சமயம் தாமாகவே மூடிக்கொள்ளும். உருட்டி வளைத்தபோது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இறுக்கம் அறுபடும்போது வெளிப்படுவதால் அப்படி நிகழ்கிறது. மோட்டார் சத்தம் கனத்து வேகம் குறைவது தெரிந்தால் அழுத்தத்தை உடனே குறைத்து, வீலை நேராக மேலே தூக்கிவிட வேண்டும்.

எல் ஆங்கிளைக் கட்டிங் மெஷினில் வைக்கும்போது, இரண்டு விளிம்பும் கீழே படுகையில் பதியும்படியும் முதுகு மேலே இருக்கும்படியும் கூரைபோல் வையுங்கள். அப்போது வீலுக்கு எந்த நேரத்திலும் வெட்டவேண்டிய அகலம் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். ஒரு பக்கத்தைப் படுக்கவைத்தால் அந்தப் பக்கத்தின் முழு அகலமும் ஒரே நேரத்தில் வீலுக்கு எதிரே வரும். அதிலிருந்துதான் சூடும் அதிர்வும் கிளம்புகின்றன.

நிற்கும் இடத்தையும் தரையில் பெயின்ட்டால் குறித்துவிடுங்கள். வீல் சுழலும் கோட்டுக்கு நேராக இயக்குபவரும் நிற்கக்கூடாது, பின்னால் யாரும் நடக்கவும் கூடாது. ஒரு பக்கமாக விலகி நின்று கைப்பிடியை இறக்கப் பழகுவது முதல் சில நாட்கள் சிரமமாகத் தோன்றும்; பழகியபின் வேறு விதமாக நிற்கவே வராது. கையுறை பற்றிக் கேட்டிருந்தீர்கள். ரம்பத்தின் அருகே கையுறை வேண்டாம் என்பதே என் கருத்து.


எழுதியவர்: உராய்வுக்கல்

வீல் பற்றிய கேள்விக்கு நான் பதில் எழுதுகிறேன்.

14 அங்குல வீலின் விட்டம் 355 மி.மீ. கட்டிங் மெஷின்கள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 3,800 சுற்றுகளுக்கு அருகில் ஓடுபவை. கணக்குப் போட்டால் வீலின் வெளி விளிம்பு விநாடிக்கு ஏறத்தாழ 70 மீட்டர், அதாவது மணிக்கு 250 கி.மீ.க்கும் மேற்பட்ட வேகத்தில் செல்கிறது. இவ்வகை வீல்களுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச வேகம் பொதுவாக விநாடிக்கு 80 மீட்டர். சுற்றுகளில் சொன்னால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 4,300. இவ்விரண்டு எண்களும் வீலின் முகத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். மெஷினின் பெயர்ப்பலகையில் உள்ள சுற்று, வீலில் உள்ள சுற்றைவிடக் குறைவாகவோ சமமாகவோ இருக்க வேண்டும். இதை மாட்டும் முன் ஒவ்வொரு முறையும் படிக்க வேண்டும், ஏனெனில் கடையிலிருந்து வரும் பெட்டி மாறக்கூடும்.

அலமாரியில் உள்ளவற்றைக் கழிக்க, நடுத்துளையைச் சுற்றியுள்ள உலோக வளையத்தைப் பாருங்கள். அதில் மாதமும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். அது அந்த வீலைப் பயன்படுத்தக்கூடிய கடைசிக் காலம். ரெசின் (பிசின்) பிணைப்புள்ள கட்டிங் வீல்களுக்கு, தயாரித்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்கு மேல் இந்தக் காலத்தைக் குறிப்பதில்லை. ரெசின் காலப்போக்கில் ஈரத்தை உறிஞ்சி வலுவிழப்பதே காரணம். தேதி கடந்தது, தேதியே இல்லாதது, நனைந்து காய்ந்தது, கீழே விழுந்தது, விளிம்பு பெயர்ந்தது, வளைந்து நெளிந்தது ஆகிய எதையும் வைத்திருக்க வேண்டாம். இரண்டாக உடைத்துப் போடுங்கள். முழுதாகக் குப்பையில் போட்டால் யாராவது எடுத்து மறுபடி மாட்டுவார்கள். நல்ல வீல்களை ஈரமில்லாத இடத்தில், சமதளத்தில் படுக்கவைத்து அடுக்குங்கள். ஆணியில் தொங்கவிடுவதும் சுவரில் சாய்த்துவைப்பதும் மெல்லிய வீலை வளைத்துவிடும்.

கல்லைத் தட்டிப் பார்த்து ஓசையைக் கேட்கும் பரிசோதனையை மூத்தவர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். அது சாணை பிடிக்கும் தடித்த, சூளையில் சுட்ட கற்களுக்கு உரிய முறை. மெல்லிய ரெசின் வீல் நல்ல நிலையில் இருந்தாலும் கணீரென்று ஒலிக்காது. ஆகவே ஓசையை நம்பி ஏற்கவோ கழிக்கவோ வேண்டாம். வெளிச்சத்தில் இரு முகங்களையும் விரலால் தடவிப் பார்ப்பதே இங்கே நம்பத்தகுந்த வழி.

மாட்டும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். வீலை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் வட்டத் தகடுகளான ஃபிளேஞ்சுகள் ஒரே விட்டமுடையவையாக இருக்க வேண்டும். ஒன்று தொலைந்துபோய் அதற்குப் பதிலாக ஒரு வாஷரை வைத்து இறுக்கும் வழக்கத்தைப் பல பட்டறைகளில் பார்க்கலாம். ஃபிளேஞ்சின் விளிம்பு வீலின் இரு முகங்களிலும் ஒரே வட்டத்தில் அழுத்தாவிட்டால் வீல் நடுவிலிருந்து வளைகிறது. அந்த இடத்தில்தான் பிளவு தொடங்கும். வீலின் முகத்தில் ஒட்டியுள்ள தாள் வட்டத்தைக் கிழிக்க வேண்டாம். ஃபிளேஞ்சின் அழுத்தத்தைப் பரப்பிக்கொடுக்கவே அது ஒட்டப்பட்டிருக்கிறது. நட்டை வீல் நழுவாத அளவுக்கு இறுக்கினால் போதும். நீண்ட குழாயை ஸ்பேனரில் மாட்டி நெரிக்கத் தேவையில்லை. கார்டை (வீலை மூடும் காப்பு உறையை) திரும்ப மாட்டி, பக்கவாட்டில் நின்றுகொண்டு, ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்ட பிறகே முதல் வெட்டைத் தொடங்க வேண்டும்.

பல் வைத்த பிளேடு பற்றிக் கேட்டீர்கள். கண்டிப்பாகக் கூடாது. உலோகத்தை உலர்வெட்டாக வெட்டும் அதே 14 அங்குல கார்பைடு பிளேடுகளுக்கான மெஷின்கள் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,300 சுற்றில் ஓடுபவை. உங்கள் மெஷினின் வேகம் அதைப்போல் மூன்று மடங்கு. அந்த வேகத்தில் இரும்பில் மோதும் கார்பைடு முனை பிளேடிலிருந்து பிய்ந்து பறக்கும். பற்கள் கொண்ட பிளேடு வேண்டுமென்றால் அதற்குரிய மெஷினையே வாங்க வேண்டும்.

தேய்ந்து சிறுத்த பெரிய வீலையோ, பெரிய அளவுக்குரிய புது வீலையோ கார்டைக் கழற்றிவிட்டுக் கை கிரைண்டரில் மாட்டும் பழக்கம் இருந்தால் அதையும் இப்போதே நிறுத்துங்கள். சிறிய கை கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று வரை ஓடும். அதில் 180 மி.மீ. வீலை மாட்டினால் விளிம்பு விநாடிக்கு 100 மீட்டரைத் தாண்டிவிடும். 80 மீட்டருக்கு மேல் போகாதே என்று எழுதப்பட்ட பொருளுக்கு அது மிக அதிகம்.

இரும்புக்கான கட்டிங் வீலில் அலுமினியத்தை வெட்ட வேண்டாம். அது மென்மையாக இளகி வீலின் நுண்துளைகளை அடைத்துவிடும். அடைபட்ட வீல் வெட்டாமல் உராய்ந்து சூடேறும். இயக்குபவர் இன்னும் அழுத்துவார். அலுமினியம் வந்தால் பேண்ட்சாவுக்கு அனுப்புங்கள்.


எழுதியவர்: உலோகப் பயிற்றுநர்

கையுறை விஷயத்தில் முதலில் பதில் எழுதிய 'வைஸ் பிடி' நண்பரின் கருத்தோடு நான் பாதிதான் ஒத்துப்போகிறேன். உங்கள் மூத்தவர்கள் இருவரும் சொல்வது சரியே. அவர்கள் வெவ்வேறு வேலையை மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள்.

ராடைத் தூக்கிக் கொண்டுவருவது, வைஸில் வைப்பது, வெட்டிய துண்டை எடுப்பது, பேண்ட்சா பிளேடை மாற்றுவது ஆகிய நான்கிலும் கையுறை கட்டாயம். வெட்டிய விளிம்பில் நிற்கும் பிசிறு கத்தியைப்போல் கிழிக்கும். கட்டிங் மெஷினில் அறுபட்ட துண்டின் முனை நிறம் மாறாமல் இருந்தாலும் தோலைச் சுடும் அளவுக்குக் கொதித்துக்கொண்டிருக்கும். இவை அனைத்தும் பிளேடு நின்ற பிறகு செய்யும் வேலைகள். பிளேடு ஓடும்போதோ கையுறை இருக்கக்கூடாது. வெறும் விரலில் பல் உரசினால் காயம். கையுறையின் நுனியில் பல் மாட்டினால், துணி கிழிவதற்கு முன் கையையே உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆகவே இளைஞர்களுக்குச் சொல்லவேண்டிய விதி இதுதான்: பிளேடு நின்றிருந்தால் கையுறை போடு, சுவிட்சைத் தொடும் முன் கழற்று. கையுறையை மாட்டிவைக்க ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு கொக்கி வையுங்கள். கழற்றிய கையுறையை வைக்க இடமில்லாவிட்டால் அது கையிலேயே இருக்கும்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். ஜாப் முறையாக வைஸில் பிடிபட்டிருந்தால், ஓடும் நேரத்தில் இடது கைக்கு அங்கே எந்த வேலையும் இல்லை. எனவே கை பிளேடின் பக்கம் போவதைக் கண்டால் கையை மட்டும் கண்டிக்காமல், அந்தப் பிடிமானத்தில் என்ன குறை என்று பாருங்கள். இந்த இடத்தில் நண்பர் குறுந்துண்டு பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன்.

உடையில், தொங்கும் கைச்சட்டை, கழுத்தில் சுற்றிய துண்டு, அடையாள அட்டைக் கயிறு, மோதிரம், கைக்காப்பு எதுவும் கூடாது. நீண்ட முடியை முடிந்து தொப்பிக்குள் செருக வேண்டும். பாலியஸ்டர் துணி பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தித் துணி மேல்.

முகக்கவசம் மட்டும் போட்டுக்கொண்டு கட்டிங் மெஷினில் நிற்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். கவசத்தின் கீழ்விளிம்பு வழியாகவும் பக்கவாட்டிலும் பொறி ஏறும். உள்ளே, பக்க மறைப்புள்ள பாதுகாப்புக் கண்ணாடி இருந்தே ஆக வேண்டும். கண்ணில் துகள் விழுந்தால் தேய்க்காமல் சுத்தமான நீரால் கழுவ வேண்டும். அப்படியும் உறுத்தினால் கண் மருத்துவரிடமே காட்ட வேண்டும். இரும்புத் துகள் கருவிழியில் தங்கினால் சில மணி நேரத்திலேயே துருப்பிடித்து வளையமாகப் படியத் தொடங்கும்.

காதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கட்டிங் மெஷின் வெட்டும்போது 100 டெசிபலைத் தாண்டிச் சத்தமிடும். 8 மணி நேர வேலைக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் வரம்பு 85 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடுதலுக்கும் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறைகிறது என்ற கணக்கில், 100 டெசிபலுக்கு ஒரு நாளில் கிடைப்பது 15 நிமிடம் மட்டுமே. செவித்திறன் வலியில்லாமல் போவதாலும், போனது திரும்பி வராததாலும், இதை இளைஞர்கள் முதல் நாளிலேயே தெரிந்துகொள்வது நல்லது.


எழுதியவர்: பட்டறை மேற்பார்வை

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. அலமாரியைப் பிரித்துப் பார்த்தேன். தேதி கடந்த வீல்களை உடைத்துப் போட்டாயிற்று. ஒரு ஃபிளேஞ்ச் மற்றொன்றைவிடச் சிறியதாக இருந்ததையும் இப்போதுதான் கவனித்தோம். சரியானதை வாங்கும் வரை அந்த மெஷினைப் பூட்டி வைத்திருக்கிறேன்.

இன்னும் இரண்டு ஐயங்கள். பேண்ட்சாவில் மெல்லிய பைப்பை வெட்டும்போது பற்கள் வரிசையாக உடைந்துபோகின்றன. மட்டமான பிளேடு என்று பணியாளர்கள் சொல்கிறார்கள். அது உண்மையாக இருக்குமா? அடுத்ததாக, பழைய எண்ணெய் டிரம்களைக் கட்டிங் மெஷினில் பாதியாக வெட்டித் தரும்படி கேட்டு ஒரு வேலை வந்திருக்கிறது. பொறி பறக்கும் இடத்தில் இதைச் செய்யலாமா?


எழுதியவர்: பேண்ட்சா இயக்குநர்

வணக்கம். டிரம்மை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அந்த வேலை இன்றே கைக்கு வரக்கூடும். எடுக்க வேண்டாம். காலி டிரம் என்று சொல்லப்படுவது காலியாக இருப்பதில்லை. அடியில் ஒட்டியுள்ள எண்ணெயோ கரைப்பானோ ஆவியாகி, உள்ளிருக்கும் காற்றோடு கலந்து நிற்கும். திரவம் நிறைந்த டிரம்மைவிட ஆவி நிறைந்த டிரம் வெடிக்கும் வாய்ப்பு அதிகம். வீல் தகட்டைத் துளைக்கும் அந்தக் கணத்தில் பொறி உள்ளே போகிறது. வெடித்தால் மூடியோ அடித்தகடோ பிய்ந்து எறியப்படும். மூடியைத் திறந்து வைத்தால் போதும், தண்ணீரால் அலசினால் போதும் என்பவர்களை நம்ப வேண்டாம். அதை முறையாகச் சுத்தம் செய்து, உள்ளே வாயு அளவைக் கருவியால் சோதித்துப் பார்க்கும் வசதி உள்ளவர்கள் செய்யும் வேலை அது. இருமுனையும் அடைத்து வெல்டு செய்த பைப்புக்கும், உள்ளே என்ன இருந்தது என்று தெரியாத எந்தக் கலனுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

பொறியைப் பொறுத்தவரை, அது 10 மீட்டருக்கு அப்பாலும் போய் விழும். தின்னர், பெயின்ட், காஸ் சிலிண்டர், எண்ணெய் துடைத்த வேஸ்ட் துணி ஆகியவற்றை 11 மீட்டர் தூரத்துக்கு வெளியே கொண்டுபோங்கள். கொண்டுபோக முடியாததைத் தீப்பிடிக்காத திரையால் மூடுங்கள். மெஷினுக்குப் பின்னால் சுவரோரத்தில் குவிந்திருக்கும் பழைய தூசியைக் கூட்டி அள்ளுங்கள். பொறி அதற்குள் புகுந்தால் புகை தெரிய நேரமாகும். நாளின் கடைசி வெட்டு முடிந்த பிறகு ஒரு மணி நேரம் யாராவது அந்தப் பகுதியைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். மூடும் நேரத்தில் அவசர வெட்டு எதையும் ஏற்காமல் இருப்பதே இதற்கு எளிய வழி.

இனி பற்கள். பிளேடு மட்டமானதாக இருக்கலாம். ஆனால் நீங்கள் சொல்லும் அடையாளத்துக்கு வேறு காரணமே பொருந்துகிறது. எந்த நேரத்திலும் குறைந்தது மூன்று பற்களாவது உலோகத்துக்குள் இருக்க வேண்டும் என்பது ரம்ப வேலையின் அடிப்படைக் கணக்கு. சுவர்த் தடிமன் 6 மி.மீ. என்றால், அதற்குள் மூன்று பற்கள் அடங்க ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடைவெளி 2 மி.மீ. மட்டுமே இருக்கலாம், அங்குலத்துக்கு 12 முதல் 14 பற்கள் உள்ள பிளேடு தேவை. உங்கள் மெஷினில் கனமான ராடுக்காக மாட்டிய 4 அல்லது 6 பல் பிளேடே இருக்கும் என்று நினைக்கிறேன். அதில் மெல்லிய சுவர் இரண்டு பற்களுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் விழுகிறது. அடுத்த பல் முழு விசையையும் தனியாகத் தாங்கி உடைகிறது. ஒரு பல் போனால் அதற்குப் பின்னால் வரும் பல்லுக்கு இருமடங்கு சுமை. வரிசையாகப் போவது இதனால்தான். ஓடும்போது சீரான இரைச்சலுக்கு நடுவே, பிளேடு ஒரு சுற்று வரும்தோறும் டக் என்று ஒரு சத்தம் கேட்டால் பல் போய்விட்டது என்று பொருள், உடனே நிறுத்துங்கள். உடைந்த பல்லின் துண்டு வெட்டுவாய்க்குள் கிடக்கும். அதை எடுக்காமல் தொடர்ந்தால் மிச்சப் பற்களையும் அது தின்றுவிடும்.

புது பிளேடு மாட்டியபின் பழைய வெட்டுவாயிலேயே இறக்கக்கூடாது. தேய்ந்த பிளேடு விட்டுச்சென்ற பள்ளம் குறுகலாக இருக்கும். புதுப் பற்களின் விரிவு அதைவிட அகலம். அது உள்ளே ஆப்புப்போல் சிக்கும். ஜாபைத் திருப்பி வேறிடத்தில் தொடங்குங்கள். முதல் சில வெட்டுகளுக்கு இறங்கும் அழுத்தத்தை வழக்கத்தில் பாதியாக வைத்தால், பல்லின் முனை சீராகப் படிந்து பிளேடு நீண்ட நாள் உழைக்கும். வேகமும் உலோகத்துக்கு ஏற்ப மாற வேண்டும். சாதாரண மைல்டு ஸ்டீலுக்கு நிமிடத்துக்கு 60 முதல் 80 மீட்டர் வரை பைமெட்டல் பிளேடு (இரு உலோகங்களை இணைத்துச் செய்தது) தாங்கும். ஸ்டெயின்லெஸ் வந்தால் அதில் பாதிக்கும் கீழே இறக்குங்கள்.

பிளேடு மாற்றும் வேலையை இளைஞர்களிடம் உடனே கொடுக்க வேண்டாம் என்பது என் எண்ணம். புது பிளேடு மூன்று சுருளாக மடிக்கப்பட்டு, கம்பியால் கட்டப்பட்டு வரும். கட்டை அவிழ்த்ததும் அது வில்லாகத் துள்ளி விரியும். கையுறையும் கண்ணாடியும் போட்டு, பிளேடை உடலிலிருந்து கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, அருகில் யாரும் இல்லாதபோது அவிழ்க்க வேண்டும். முதலில் பழைய, பல் தேய்ந்த பிளேடு ஒன்றைக் கொடுத்து மடித்து விரிக்கப் பழக்குங்கள். மாற்றும்போது மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டி, சாவியை மாற்றுபவரே தம் பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் பேண்ட்சாவின் ஸ்டார்ட்டரையும் ஒருமுறை சோதியுங்கள். வைஸில் ஒன்றும் வைக்காமல், வில்லை (பிளேடு மாட்டிய சட்டத்தை) தூக்கி நிறுத்தி, மெஷினை ஓடவிட்டு, மெயினை அணைத்து, பிளேடு முழுதும் நின்றபின் மறுபடி மெயினைப் போடுங்கள். மெஷின் தானாக ஓடத் தொடங்கினால் அந்த ஸ்டார்ட்டரை மாற்றியாக வேண்டும். மின்சாரம் போய்விட்ட நேரத்தில் ஒருவர் சிக்கிய துண்டை எடுக்கக் கையை உள்ளே விட்டிருப்பார். மின்சாரம் எப்போது திரும்பும் என்று அவருக்குத் தெரியாது. பச்சைப் பொத்தானை மறுபடி அழுத்தினால் மட்டுமே ஓடும் ஸ்டார்ட்டர் இருந்தால் இந்த ஆபத்து அறவே இல்லை.

சீவலைக் கையாலோ ஏர் பைப்பாலோ அகற்ற வேண்டாம், பிரஷ் போதும். பிளேடைக் குளிர்விக்கும் கூலண்ட் கலக்கும்போது தண்ணீரை முதலில் ஊற்றி, அதில் எண்ணெயைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். மாற்றிச் செய்தால் திரிந்து கட்டியாகிவிடும். 5 முதல் 10 சதவீதம் வரை டப்பாவில் குறிப்பிட்டிருக்கும் அளவைப் பின்பற்றுங்கள். முடைநாற்றம் வந்த கூலண்டை மாற்றாமல் ஓட்டினால் கைத்தோலில் அரிப்பும் வெடிப்பும் வரும்.

இளைஞர்களுக்கான முதல் நாள் பாடமாக, பிளக்கைப் பிடுங்கிய மெஷினில் ராடு, ஆங்கிள், சதுர பைப், குறுந்துண்டு ஆகிய நான்கையும் அவர்களே வைஸில் பிடித்துக் காட்டட்டும். மேலே நண்பர் சொன்னபடி ஒவ்வொன்றையும் நீங்கள் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நான்கும் அசையாமல் நின்ற பிறகு மின்இணைப்பைக் கொடுக்கலாம். எந்த அளவு பைப்புக்கு எத்தனை பல் பிளேடு என்று ஒரு அட்டவணை தேவையென்றால், நீங்கள் வெட்டும் பைப்புகளின் சுவர்த் தடிமன்களை எழுதுங்கள், கணக்கிட்டுத் தருகிறேன்.